யாருக்கு எந்தப் படம்? மழைக்கு முன் ஒரு பேச்சு

(நமது நலச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வடகிழக்குப் பருவமழை தொடங்கப் போகிறது. வழக்கம்போல டெங்கு விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்த வேண்டும். "போன வருஷம் போலவே ஒரு வீடியோ எடுத்துடலாமா சார்?" என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள் என்றார். அதனால்தான் இந்த மேடை.

போன வருஷத்து வீடியோவை எடுத்தவன் நான்தான். இரண்டு நிமிஷம் ஓடும். பின்னணி இசை, பறக்கும் எழுத்து, பூதாகாரமான கொசுப் படம், கடைசியில் நம் சங்கத்தின் முத்திரை என்று எல்லாம் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. கூடவே நுழைவாயிலில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றும் கட்டினோம். "டெங்குவை ஒழிப்போம்" என்று சிவப்பு எழுத்து. எனக்குப் பெருமையாக இருந்தது.

மழை வந்தது. நம் நகரில் காய்ச்சலும் வந்தது. முதலில் படுத்தது நம்முடைய இரவுக் காவலரின் மகள். எட்டு வயதுக் குழந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காவலர் கொட்டகையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். உங்களில் பலருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, நல்லவேளையாகப் பிழைத்து வந்தது.

அந்த வாரம் கொசுப்புழு ஆய்வுப் பணியாளர்கள் வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். அந்தக் கொட்டகையின் மேலே ஒழுகாமல் இருக்கப் போட்டிருந்த பேனர் மடிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கரண்டியால் மொண்டு எடுத்து எங்களிடம் காட்டினார்கள். உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. பேனரை இழுத்துக் கீழே போட்டோம். விரித்துப் பார்த்தால் அது நம்முடைய பேனர். "டெங்குவை ஒழிப்போம்."

பிரச்சாரம் முடிந்ததும் வீணாகாமல் இருக்கட்டுமே என்று காவலருக்கு அதைக் கொடுத்ததும் நாம்தான். அவர் நம் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. வீடியோவைப் பார்க்கவில்லை. பேனரில் இருந்த வாசகத்தைத் தினமும் பார்த்தார். ஆனால் அதில் "தண்ணீர் தேங்க விடாதே" என்ற செய்தி எங்கேயும் இல்லை.

அந்தக் கொட்டகையில் தப்பு செய்தது யார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் இல்லை. நான்தான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நாங்கள் கூடிப் பேசும்போது முதலில் கேட்ட கேள்வி, "வீடியோவா, போஸ்டரா?" என்பது. அங்கேயே சறுக்கிவிட்டோம். கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் இலை வாங்கப் போகிற மாதிரி.

முதலில் கேட்க வேண்டியவை நான்கு. பார்க்கப் போவது யார்? அதைப் பார்க்கும்போது அவர் எங்கே நின்றுகொண்டிருப்பார்? அந்த நேரம் கையில் என்ன இருக்கும்? பார்த்து முடித்ததும் அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை என்ன? இந்த நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால், வீடியோவா ஸ்டிக்கரா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

இது புது ஞானம் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னமும் தனிப் பெட்டியும் கொடுத்து, சின்னத்தைப் பெட்டியின் மேலேயே ஒட்டினார்கள். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளையைத் தெரியாத விவசாயி உண்டா? சீட்டைப் போட வேண்டிய இடத்திலேயே படம் இருந்தது. யாருக்கு, எங்கே, என்ன வேலை என்ற மூன்றுக்கும் ஒரே அடியில் விடை.

இன்னொரு உதாரணம் உங்கள் பிள்ளைகளின் விரலிலேயே இருந்தது. 1995-இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களை நினைத்துப் பாருங்கள். பெற்றோருக்காகத் தொலைக்காட்சியில் அமிதாப் பச்சன் பேசினார். ஊருக்குள் வருகிறவர்களுக்காக மையத்தின் வாசலில் பேனர் தொங்கியது. சொட்டு மருந்து கொடுத்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். அது தாய்க்காக வைத்தது இல்லை, அடுத்து வரும் பணியாளருக்காக. வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஒரு குறி போட்டார்கள். அது மேற்பார்வையாளருக்காக. ஒரே பிரச்சாரம், நாலு வகை ஆட்கள், நாலு வகைக் காட்சி. 2014 மார்ச் 27 அன்று இந்தியா இருந்த வட்டாரத்துக்குப் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. அதற்கு மருந்தும் உழைப்பும்தான் காரணம். ஆனால் அந்த உழைப்பு வழி தவறாமல் போனதில் ஒரு துளி மைக்கும் பங்கு உண்டு.

கொசு சொல்லும் பாடம்

படம் போடுவதற்கு முன்னால் எதைச் சொல்வது என்று தெரிய வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசு இல்லை. உடம்பிலும் காலிலும் வெள்ளை வரி இருக்கும். பகலில் கடிக்கும். சுத்தமான தண்ணீரில், அதுவும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் சின்னச் சின்னப் பாத்திரங்களில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக மாறப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதிக தூரமும் பறக்காது. உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான்.

இன்னொன்று. அது முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாள் செய்தால் கொசு வளரும் சங்கிலி அறுந்துவிடும்.

இப்போது என் பழைய வீடியோவைப் பாருங்கள். அதில் சாக்கடையைக் காட்டினேன். குப்பைமேட்டைக் காட்டினேன். பார்த்தவர்கள் "மாநகராட்சி சுத்தம் பண்ணணும்" என்று நினைத்துக்கொண்டார்கள். தன் வீட்டு ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை யாரும் நினைக்கவில்லை. தப்பான படம் சும்மா இருப்பதில்லை. தப்பான ஆளின் மேல் பாரத்தைத் தூக்கி வைத்துவிடுகிறது.

நம் நகரில் யார் யார்?

சரி, நம் நகரில் யார் யார் இருக்கிறோம் என்று ஒரு சுற்று பார்ப்போம்.

முதலில், வீட்டை நிர்வகிப்பவர்கள். ஆணோ பெண்ணோ, அடுப்படியும் பால்கனியும் யார் பொறுப்போ அவர்கள். இவர்கள் செய்ய வேண்டியது வாரத்தில் ஒரு நாள் ஐந்து இடங்களைப் பார்ப்பது: ஃபிரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் பிடிக்கும் வாளி, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய பாத்திரம், பின்கட்டில் கிடக்கும் ஆட்டுக்கல். ஐந்து இடங்களை வீடியோவில் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் கையளவு அட்டை போதும். ஐந்து சின்னப் படம், பக்கத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைக்கான கட்டம். பார்த்ததும் பேனாவால் ஒரு டிக். வாரா வாரம் திரும்பச் செய்ய வேண்டிய வேலைக்கு, கண்ணிலேயே பட்டுக்கொண்டிருக்கும் பொருள்தான் பொருத்தம்.

அடுத்து, நம் வீட்டுப் பெரியவர்கள். இவர்களிடம் நாம் செய்யும் பெரிய தவறு, ஏ4 தாளில் அடித்த அறிவிப்பை அப்படியே பிடிஎஃப் ஆக்கிப் போனில் அனுப்புவது. இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் படிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். என் அம்மாவுக்கு அப்படி ஒன்றை அனுப்பினேன். "என்னப்பா, எறும்பு ஊர்ந்த மாதிரி அனுப்பியிருக்க?" என்றார். அவர்களுக்கு ஒரு நிமிஷக் குரல் செய்தி அனுப்புங்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் பெரிதாக நாலே வரி ஒட்டுங்கள். பத்தடி தூரத்தில் நின்று படிக்க வேண்டுமானால் எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்பது பலகை எழுதுகிறவர்கள் கணக்கு. தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம். கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காமார்கள். பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். ஸ்மார்ட்போன் இருந்தாலும் நம் குழுவில் இல்லை. எங்கள் வீட்டுக்கு வருபவரிடம் கேட்டேன். "அதெல்லாம் உங்க குரூப்புல வரும் சார், எங்களுக்கு யாரு அனுப்புறா?" என்றார். பாத்திரம் தேய்ப்பதும் வாளி கழுவுவதும் அவர் கைதான். அப்படியிருக்க, அவரை விட்டுவிட்டு யாருக்கு நாம் பிரச்சாரம் செய்கிறோம்? இவர்களுக்கு வேண்டியது பாத்திரம் கழுவும் இடத்தில் ஒட்டும், தண்ணீர் பட்டாலும் கெடாத படத்தாள். மூன்றே புகைப்படம்: கொட்டு, தேய், கவிழ்த்து வை. நம் பகுதியிலேயே எடுத்த உண்மையான வாளியின் படமாக இருக்கட்டும். ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அட்டையை ஒட்டிவிட்டோம், இனி எல்லாம் அவர் பொறுப்பு என்று நாம் கையைக் கழுவிவிடக் கூடாது. கூடுதல் வேலைக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் கொடுங்கள். அவர் வீட்டு ஐந்து இடங்களுக்கும் ஒரு அட்டை கொடுத்தனுப்புங்கள்.

நான்காவது, காவலர்களும் மோட்டார் போடுகிறவர்களும். சம்ப் மூடியை ஒரு நாளில் பல முறை திறந்து மூடுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு நுழைவாயிலில் பேனர் கட்டிப் பிரயோஜனம் இல்லை. சம்ப் மூடியின் மேலேயே "மூடியாச்சா?" என்று ஒரு வார்த்தையைப் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை. அவர்கள் தினமும் எழுதும் பதிவேட்டில் "மூடி" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டமும் ஒரு பிரச்சார வடிவம்தான். அச்சுக்கூலி கிடையாது.

ஐந்தாவது, கிழக்குப் பக்கம் எழும் இரண்டு கட்டடங்களில் வேலை செய்பவர்கள். கான்கிரீட் நீராற்றலுக்குக் கட்டி நிறுத்தும் தண்ணீர், டிரம்கள், லிஃப்ட் குழி என்று கொசுவுக்கு ராஜவாழ்க்கை அங்கேதான். அங்கே பேசப்படுவது இந்தி, வங்காளி, ஒடியா. தமிழ்ப் போஸ்டர் அவர்களுக்குச் சுவரில் இருக்கும் கோலம் மாதிரி. மொழிபெயர்த்து ஒட்டலாம் என்று தோன்றும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. இங்கே நேரில் செய்து காட்டுவதுதான் வழி. வேலை தொடங்கும் முன் காலையில் ஐந்து நிமிஷம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அவர்கள் டிரம்மிலிருந்தே எடுத்த புழு. அவர்கள் மேஸ்திரியின் வாயால் அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியம். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் புழு நெளிவது தெரியும். அதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

ஆறாவது, குழந்தைகள். இவர்களுக்கு அறிவுரை எழுதி ஒட்டாதீர்கள். நம் நகரின் வரைபடத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கண்டுபிடித்தால் ஒரு புள்ளி, சரிசெய்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம். பெரியவர்கள் துணைக்குப் போக வேண்டும். சம்ப், மொட்டை மாடி பக்கம் தனியாக விடக் கூடாது. குழந்தை கையில் தாள் இருந்தால், வீட்டில் அப்பா அம்மா சாக்கு சொல்ல முடியாது.

ஏழாவது, வேலைக்குப் போகும் இளையவர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சின்ன வீடியோவும் இவர்களுக்குத்தான். வீடியோவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதற்கும் ஓர் இடம் உண்டு. இருபது, முப்பது விநாடிக்குள் இருக்கட்டும். போனை நிமிர்த்திப் பிடித்தபடி எடுங்கள். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஆகவே எழுத்து கட்டாயம். முதல் மூன்று விநாடியில் ஃபிரிட்ஜ் தட்டு வந்துவிட வேண்டும். சங்கத்தின் முத்திரை கடைசியில் வந்தால் போதும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் சனிக்கிழமை இரவு போடுங்கள். ஞாயிறு காலை வேலை நடக்கும்.

கடைசியாக, மனையை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உரிமையாளர்கள். புதரும் தேங்காய் மட்டையும் பழைய டயரும் அங்கேதான் கிடக்கின்றன. இவர்களுக்கு எந்தப் பொதுப் போஸ்டரும் எடுபடாது. அவர்களுடைய மனையையே ஒரு புகைப்படம் எடுங்கள். தேங்கிய தண்ணீர் தெரிய வேண்டும், எடுத்த தேதி தெரிய வேண்டும். அதை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, "சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்யட்டுமா?" என்று கேளுங்கள். பொதுக் குழுவில் போடாதீர்கள். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவர் மனையைச் சுத்தம் செய்ய மாட்டார், குழுவை விட்டு வெளியேறுவார்.

படம் போடும்போது நழுவும் இடங்கள்

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். பலர் வெளியே சொல்வதில்லை. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்தது உங்களுக்குத் தெரியும். 2020-இல் வந்த விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றினார்கள். நிறம் தெரியாதவருக்கும் உருவம் தெரியும். நாமும் அப்படியே செய்வோம். சரி என்றால் டிக், தவறு என்றால் பெருக்கல் குறி. நிறம் அதற்கு மேல்.

பூதக் கொசு வேண்டாம். பக்கம் முழுக்கக் கொசுவை வரைந்தால், பார்க்கிறவர் "இப்படி ஒன்று நம் வீட்டில் இல்லையே" என்று நிம்மதியாகிவிடுகிறார். புழுவை ஓர் அரிசிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எவ்வளவு சின்னது என்று புரியும். தேடத் தோன்றும்.

ஒரு படத்தில் ஒரு வேலை. கைகழுவுதல், குப்பை பிரித்தல், கொசு, சந்தா பாக்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது. சந்தா பாக்கியைத் தனியாகக் கேட்போம், பொருளாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பயமுறுத்தும் படம் வேண்டாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும் குழந்தையின் படத்தைப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்தக் குழந்தையின் அப்பா நம் வாசலில் நிற்கிறார். அவர் பார்வையில் அது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கட்டினால் அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிக் கணக்கில் வைக்க வேண்டும். என் கருத்து, கட்டவே வேண்டாம்.

எந்தப் படமானாலும் அச்சுக்குப் போகும் முன், யாருக்காகச் செய்தோமோ அவர்களில் மூன்று பேரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இது என்ன செய்யச் சொல்லுது?" என்று கேளுங்கள். இந்த மாதம் நான் வரைந்த முதல் அட்டையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தேன். நம் காவலரிடம் காட்டினேன். "தொட்டியில தண்ணி பிடிக்கக் கூடாதுங்களா சார்?" என்று கேட்டார். படத்தை மாற்றிவிட்டேன். மூடிய தொட்டி, பக்கத்தில் டிக். அந்த ஒரு கேள்விக்குச் செலவான நேரம் அரை நிமிஷம்.

கட்டைவிரலை எண்ண வேண்டாம்

பிரச்சாரம் வென்றதா என்று எப்படித் தெரியும்? போன வருஷம் நாம் எண்ணியது வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல்களை. இந்த வருஷம் வேறொன்றை எண்ணுவோம். சுகாதாரத் துறையினர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நூறு வீட்டைப் பார்த்து அதில் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருந்தது என்று குறிப்பார்கள். வீட்டுக் குறியீடு என்று பெயர். நாமும் அதையே செய்யலாம். மழைக்கு முன் ஒரு முறை, தீபாவளி கழித்து ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை. எந்த வீடு என்று வெளியிட வேண்டாம், எண்ணிக்கை மட்டும். எண் குறைந்தால் படம் வேலை செய்தது. குறையாவிட்டால் படத்தை மாற்றுவோம், ஆட்களைத் திட்ட வேண்டாம்.

இன்னொரு செய்தி, இதற்கு எந்த வடிவமும் வேண்டாம், காதில் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் கடையில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரத்தக் கசிவு அதிகமாகும் ஆபத்து உண்டு. மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசாதாரணச் சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் விட்ட மறுநாள்தான் வயிற்றுவலி வந்தது. "சரியாப் போச்சு, பள்ளிக்கூடம் போகட்டும்" என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

முடிக்கிறேன். எனக்கு ஆறு பேர் வேண்டும். படம் வரையத் தெரிந்தவர் ஒருவர் போதும். இந்தி பேசத் தெரிந்தவர் ஒருவர். மற்ற நால்வரும் வீடு வீடாகப் போய், "இது என்ன செய்யச் சொல்லுது?" என்று பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும். பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். இதைப் போனில் படித்துக்கொண்டிருப்பவர்கள், படித்து முடித்ததும் கட்டைவிரல் அனுப்ப வேண்டாம். எழுந்து போய் ஃபிரிட்ஜின் பின்னால் பாருங்கள். என்ன இருந்தது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.

காவலர் கொட்டகைக்குப் போன மாதம் தகரக் கூரை போட்டாகிவிட்டது. ஃபிரிட்ஜ் அட்டையில் இருக்கும் ஐந்து படங்களில் பூந்தொட்டிப் படத்தை வரைந்தது அந்தக் கொட்டகையில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைதான். பூ கொஞ்சம் பெரிதாக வந்திருக்கிறது. தட்டில் தண்ணீர் இல்லாதது நன்றாகத் தெரிகிறது.